ஏறுவதற்கு ஒரு கல்

1

இந்தக் கதை எந்தப் பழைய கடிதத்திலும் கிடைக்கவில்லை. என் குட்டைக் கால்களிலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூர் பாருவின் கடலோரச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஓட்ட வரும். நின்றுவிட்டால் மறுபடி ஏற வராது. ஒரு கல்லையோ திட்டையோ தேடிப் பிடித்து, அதில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். பார்க்கிறவர்கள் நான் கடலை ரசிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை.

ஒரு நாள் அப்படி நின்றபோது தோன்றியது: ஜப்பான்காரன் காலத்தில் காவல் சாவடி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். என்னைப் போன்ற ஒருத்தி அப்போது என்ன செய்திருப்பாள்?

அவளுக்கு லூசி என்று பெயர் வைத்தேன். வருடம் 1943.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று வெள்ளித் தட்டைப் போல—" வேண்டாம். லூசி கடலைப் பார்க்கவே இல்லை. கடலோரச் சுவரைத்தான் பார்த்தாள்.

இரண்டாவது: "லூசி துணிச்சல்காரி." பொய். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள்; கரும்பலகையைப் பார்த்துப் பேசுவாள், பிள்ளைகளைப் பார்த்துப் பேசமாட்டாள்.

மூன்றாவது, இது நிற்கட்டும்:

லூசியின் தம்பி கிரகோரியைச் சந்தையில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். முன்னே போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. ஸ்டேஷன் அருகே முள்கம்பி வேலிக்குப் பின்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லூசி வேலியோரமாகப் போய் நின்றாள்.

"ஆலையில வேலை செய்யிறவன்னு சாப்பு குத்தின கடுதாசி இருந்தா விட்டுருவாங்கக்கா" என்றான் கிரகோரி. அவன் மரவள்ளி மாவு ஆலையில் மூட்டை தைப்பவன்; கேட்டது ஆலை முத்திரை போட்ட கடிதம்.

"போய்க் கேட்டேன்டா. சாப்பு குத்துற துவான் நாளைக்கு மூணு மணிக்குத்தான் வருவாராம்."

"நாலு மணிக்கு ரயில் லா!"

"நாலு மைல்தானே. உன் சைக்கிள்ல வந்துருவேன்."

கிரகோரி அவளைப் பார்த்தான். அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"அலமாக்! ஏறும்போது யாரு பிடிச்சுக்குவாங்கக்கா?"

சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அவன் பிடித்துக்கொள்வான், அவள் ஏறுவாள், அவன் தள்ளிவிடுவான். ஏறவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. அது ஆண்கள் ஓட்டும் சைக்கிள், நடுவில் கம்பி. அவள் உடுத்துவது நீளக் கவுன்.

(ஓர் ஆணை அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அந்த வாரம் ஆண்கள் தெருவில் தலைகாட்டவில்லை. தலைகாட்டினால் அவர்களையும் பிடித்துவிடுவார்கள்.)

3

அன்று மாலை லூசி ஆலை வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை கடலோரச் சாலையை நடந்தே அளந்தாள். கூட வந்தவள் பக்கத்து வீட்டு இன்பராணி, ஆஸ்பத்திரி ஆயா.

"ஏன்டி, கல்லுக் கல்லா பார்த்துட்டு வர? கல்லறைக்கு இடம் தேடுறியா?"

"வாய மூடு. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

ஆலையிலிருந்து ஒரு மைலில் முதல் சாவடி. அதைத் தாண்டி நாற்பது அடி நடந்தால் சுவர் முழங்கால் உயரத்துக்குத் தணிகிறது; ஏறலாம். இரண்டாம் மைலில் அடுத்த சாவடி. அதைத் தாண்டியதும் ஒரு மைல்கல். லூசி பழைய பள்ளி நோட்டுத் தாளில் குறித்துக்கொண்டாள். இறங்குவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. விழுந்தாலும் இறங்கியதுதான்.

அதற்கப்பால் ஓரிடத்திலிருந்து ஸ்டேஷன் வரை சுவர் இடிந்து கிடந்தது. கற்களை யாரோ எப்போதோ அள்ளிப் போய்விட்டார்கள். சாலையும் புல்லும் சேறும் ஒரே மட்டமாக இருந்தன. லூசி "கல் இல்லை" என்று எழுதினாள்.

"இங்கதான் சாவடியே இல்லையே, ஏன் இறங்கப் போற? நேரா ஓட்டிட்டுப் போயிரு லா" என்றாள் இன்பராணி. "நாளைக்கு எனக்குப் பகல் டூட்டி. இல்லைன்னா நானே வந்து உன்னைத் தூக்கி உட்கார வைப்பேன்."

4

மறுநாள் ஆலை அதிகாரி, அந்தத் துவான், தாமதமாக வந்தார். சிவப்புச் சாப்பு விழுந்தபோது மணி மூன்றே கால். (மணியெல்லாம் தோக்கியோ மணி. ஊர்க் கடிகாரங்களையே மாற்றி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.) லூசி கடுதாசியை மடித்து ரவிக்கைக்குள் — அவள் உடுத்தியிருப்பது கவுன், மறந்துவிட்டேன் — கவுனின் கழுத்துக்குள் செருகிக்கொண்டு, ஆலைப் படியில் நின்று ஏறினாள்.

டயருக்குள் காற்று இல்லை, தேங்காய்க் கயிறு. ரப்பர் விளையும் நாட்டில் டயர் இல்லை. மணிக்கு எட்டு மைலுக்கு மேல் போகாது.

முதல் சாவடியில் இறங்கினாள், குனிந்தாள். சுவரில் ஏறி, சைக்கிளில் ஏறினாள். இரண்டாவதில் விழுந்து இறங்கினாள், காவல்காரர்கள் சிரித்தார்கள். முழங்கையில் ரத்தம். மைல்கல்லில் ஏறிவிட்டாள். எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது.

இரண்டரை மைல். மணி மூன்று நாற்பத்திரண்டு. சுவர் இடிந்த இடம் வந்தது.

அங்கே ஒரு புதிய சாவடி.

"கூரா!" என்று கத்தினான் காவல்காரன். லூசி இறங்கினாள்.

5

அந்தச் சாவடியை அங்கே வைத்தது நான்தான்.

நேற்று இல்லாத சாவடி. இரண்டோடு விட்டிருந்தால் அவள் நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்பாள். நீங்களும் அவளை மறந்திருப்பீர்கள். அதனால் வைத்தேன். வைத்த பிறகு மூன்று வாரம் எழுத முடியவில்லை.

முடிவு அ: காவல்காரனே சைக்கிளைப் பிடித்துக்கொள்கிறான், அவனுக்கும் ஊரில் ஓர் அக்கா இரு— எழுதும்போதே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: ரயில் தாமதம். தாமதத்தை நம்பி கிரகோரியை விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

முடிவு இ: சைக்கிளை உருட்டிக்கொண்டே ஓடுகிறாள். ஒன்றரை மைல், இருபது நிமிடம். நான்கு ஆறுக்கு ஸ்டேஷன். தண்டவாளம் காலி. கணக்கு சரிதான். சரியாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கல் மட்டும் இருந்தால் மூன்று ஐம்பத்தேழு.

ஒரு வாக்கியத்தில் கல்லை வைத்துவிடலாம். ஆனால் லூசி அந்த இடத்தை அளந்து "கல் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கற்றது ஒன்றுதான்: முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக அளவை மாற்றக்கூடாது. கதையில் என்னால் வைக்க முடியாது.

6

சாலையில் வைக்கலாம்.

போன ஞாயிறு முழங்கால் உயரக் கல் ஒன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். லூசி நின்றிருப்பாள் என்று நான் நினைத்த இடத்தில் புல்லோரமாக இறக்கி வைத்தேன். எண்பது வருடத் தாமதம்தான். காலை வைத்து நானே ஏறிப் பார்த்தேன். கல் ஆடவில்லை.

இனி என் வேலை இல்லை.

லூசி குனிந்து நிமிர்கிறாள். காவல்காரன் போகச் சொல்லிக் கையசைக்கிறான். கழுத்துக்குள் கடுதாசி வியர்வையில் நனைந்திருக்கிறது. மணி மூன்று நாற்பத்தாறு. அவள் சைக்கிளைத் திருப்பி, கால் வைக்க இடம் தேடிக் கீழே பார்க்கிறாள்.

அங்கே என்ன இருக்கிறதென்று அவளுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம்.