புள்ளிகள் பிடித்த வண்டி

அக்கா பஸ் ஓட்டுகிறவள். முந்தின நாள் மழையில் ஒரு பெண் சட்டென்று குறுக்கே வர, இவள் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அக்கா இன்று வண்டி எடுக்கவில்லை. லீவு சொல்லிவிட்டு, தங்கை வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுல இருந்தா அதேதான் கண்ணுக்குள்ள நிக்குது. நீ உன் வேலையைப் பாருடி."

தங்கையின் வேலை உராய்வை ஆராய்வது. மேசையில் கண்ணாடிபோல் தெளிந்த இரண்டு பிளாஸ்டிக் கட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று. பக்கவாட்டில் விளக்கு. இரண்டும் உண்மையில் தொடும் இடத்தில் மட்டும் வெளிச்சம் மேலே கடந்து வரும். மேலிருக்கும் கேமரா அதைத் திரையில் காட்டும்.

திரை ஒரே இருட்டு. அங்கங்கே பொடிப்பொடியாய்ச் சில புள்ளிகள்.

"கேமரா ரிப்பேரா?"

"இல்லக்கா. தொடுறதே அவ்வளவுதான்."

"போடி. பல்லி மாதிரி அப்பிக்கிட்டுக் கெடக்கு."

"பாக்கத்தான் வழவழப்பு. உள்ள எல்லாம் மேடும் பள்ளமும். மேட்டு நுனிங்க மட்டும்தான் தொட்டுக்குது. மத்ததெல்லாம் வெறும் சந்து."

தங்கை மேலே எடைகளை ஏற்றினாள். கரண்டு போன ஊரில் வீடுவீடாக விளக்கு வருவதுபோல் புதுப்புள்ளிகள் முளைத்தன. பிறகு ஒரு மோட்டார் மேல்கட்டியைத் தள்ளியது. கட்டி அசையவில்லை. திடீரென்று புள்ளிகள் வரிசையாய் மங்க, அந்த மங்கல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டி மயிரிழை நகர்ந்தது. உடனே வேறு வேறு இடங்களில் புள்ளிகள் பற்றிக்கொண்டன.

அக்கா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டாள்.

"டயரும் இப்படித்தானா?"

"ரப்பர் நெளிஞ்சு கொடுக்கும், கொஞ்சம் கூடவே பிடிக்கும். அதுவும் ரோட்டோட குட்டிக்குட்டி மேட்டுலதான். நேத்து நடுவுல தண்ணி வேற."

அக்கா திரையில் ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

"அம்மாம்பெரிய வண்டியை இத்துனூண்டு புள்ளிங்க பிடிச்சு நிறுத்தியிருக்குடி," என்றாள். கண் கலங்கியிருந்தது. "இன்னொரு தடவை போடு."

மறுநாள் வேலைக்குப் போனாள். வண்டியை எடுக்குமுன் முன்சக்கரத்தின் அருகே குந்தி, டயர் தரையைத் தொடும் இடத்தை விரலால் தடவினாள்.

"என்னக்கா, பஞ்சரா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா. எங்கெங்க தொடுதுன்னு பாக்குறேன்."

கண்டக்டர் தானும் குனிந்து பார்த்தார். அவருக்கு டயர்தான் தெரிந்தது. அன்று பஸ் மெல்ல மெல்ல ஊர்ந்து, எல்லா நிறுத்தத்துக்கும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது.