ஆறு மணிக்குள்

கடலோரச் சேற்றில் அலையாத்தி மரம் வளர்க்கும் எங்கள் குழுவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்தது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் அக்கரையிலிருந்து நடந்தே, இரு கரைக்கும் இடையிலுள்ள நடுத்திட்டுக்கு வர வேண்டும். நண்டு பார்த்து, அலையாத்தி நாற்று நட்டுவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். இதை முடிவு செய்ய மூன்று கூட்டம் போட்டோம்.

தலைவர் ப்வானஹேரி சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி வரி: 'ஆறு மணிக்குள் திட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.'

எனக்கு முன்பு செயலாளராக இருந்த தோணிக்காரர் கோம்போ எட்டிப் பார்த்தார்.

"மெஜூமா, பகல்னு போட்டியா?"

"எனக்கு எழுதக் கத்துக்கொடுக்க வந்துட்டீங்களா அண்ணே? போய் உங்க தோணி ஓட்டையை அடைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. கடிதத்தை அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை எல்லாம் நன்றாகவே நடந்தது. மலைநாட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கிப்ரோனோ வாத்தியார், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு அக்கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஓடும் கால்வாயைக் கடந்து வந்தார். தண்ணீர் கணுக்காலளவுதான். நாற்று நடும்போதே எங்கள் கரையில் ஒரு மௌத்துச் செய்தி வந்தது. நடவு முடிந்ததும் குழு முழுக்க அடக்கத்துக்கு ஓடியது. வாத்தியார் கையில்தான் கடிதம் இருக்கிறதே என்று நானும் வந்துவிட்டேன்.

நண்பகல் லுஹர் தொழுகையும் அடக்கமும் முடிந்து கால் கழுவக் கடலோரம் போனேன். திட்டில் இன்னும் வெள்ளைச் சட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. கடல் ஏற ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"இன்னும் கிளம்பலையா வாத்தியாரே?"

"என்ன அவசரம்மா? ஆறு மணிக்குள்ளன்னுதானே எழுதியிருக்கீங்க. இன்னும் அஞ்சு மணி நேரம் கிடக்கு. பசங்க பந்து விளையாடுறாங்க."

நாங்கள் விடிந்ததிலிருந்து பகல் மணியும், பொழுது சாய்ந்ததிலிருந்து இரவு மணியும் எண்ணுகிறவர்கள். உச்சிவெயில்தான் எங்களுக்கு ஆறு மணி. எங்கள் பாஷையில் மணி சொன்னால் மலைநாட்டிலும் அந்தக் கணக்குத்தான், அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கும் புரிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய ஆறு, அந்தி ஆறாகத்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பகல் என்று ஒரே ஒரு வார்த்தை. கோம்போ கேட்டாரே, பாவி நான் சேர்க்கவில்லையே.

"கால்வாயைப் பாருங்க. தண்ணி எவ்வளவு இருக்கு?"

"இடுப்பளவு இருக்கும் போல. சரி சரி, இப்பவே இறக்கிடறேன். கையைக் கோத்துக்கிட்டு ஓடிடுவோம்."

"இறங்காதீங்க!"

"என்னம்மா இது? ஏன் கிளம்பலைன்னு கேக்குறீங்க, கிளம்பினா இறங்காதேங்கறீங்க. உங்க எழுத்தை நம்புறதா, பேச்சை நம்புறதா? பெரிய பசங்க ஏற்கெனவே தண்ணியில காலை வெச்சுட்டாங்க."

"எழுத்தை நம்பாதீங்க. நான் எழுதினது தப்பு. உச்சிப் பொழுதை ஆறுன்னு எழுதிட்டேன், தப்பு முழுக்க என்னோடது. அந்த இழுப்புல எங்க ஆம்பளைங்களே நிக்க மாட்டாங்க. பசங்களை மேட்டுல இருக்குற பெரிய மரத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போய் எண்ணுங்க. தோணி வருது."

போனில் விசில் சத்தம் கேட்டது. ஒருமுறை, இரண்டுமுறை. வெள்ளைச் சட்டைகள் தண்ணீரை விட்டு மெல்ல மேட்டுப் பக்கம் திரும்பின. நான் மௌத்து வீட்டுக்கு ஓடினேன்.

மௌத்து வீட்டு முற்றத்தில் கோம்போ அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தார். அத்தனை பேர் முன்னால் என் தப்பைச் சொன்னேன். அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். தோணி பாதி சேற்றில் புதைந்து கிடந்தது. அடக்கத்துக்கு உடுத்திய வெள்ளை உடுப்போடு எட்டு ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன்.

ஒரு தடவைக்குப் பதினோரு பேர். முதல் நடைக்குத் திட்டின் ஓரம் மறைந்திருந்தது. இரண்டாவது நடைக்கு நாங்கள் நட்ட நாற்றுகள் மறைந்திருந்தன. மூன்றாவது நடைக்குப் போனபோது வாத்தியார் மார்பளவு தண்ணீரில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசிச் சிறுமி அவர் தோளில் இருந்தாள். மற்றவர்கள் கிளைகளில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரைக்கு வந்ததும் அவர் மறுபடி எண்ணினார். முப்பத்தொன்று. எண்ணி முடித்துவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதார். என் பக்கம் திரும்பவேயில்லை.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு குழு கூடியது. தலைவர் சொன்னார், "எழுதும்மா. மலைநாட்டு வாத்தியாருக்குக் கடலைப் பத்தித் தெரியலை. அவரோட கவனக்குறைவால நேரம் தவறிடுச்சு. அவ்வளவுதான். நம்ம குழு பேர் கெட்டா அடுத்த பள்ளிக்கூடம் எது வரும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கோம்போ தன் கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் அப்படியே எழுதியிருக்கலாம். அந்த மனிதர் அங்கே இல்லை. அவர் வேலை போனாலும் எங்கள் கரைக்குத் தெரிய வராது.

எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்தேன். "பகல் என்று எழுதாமல் விட்டவள் செயலாளர் மெஜூமா. கோம்போ கேட்ட பிறகும் விட்டவள்."

"உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறியே" என்று தலைவர் முணுமுணுத்தார்.

கோம்போ நோட்டை வாங்கி, விரல் வைத்து மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"தங்கச்சி, கூட்டம் முடிஞ்ச நேரம் ஒரு மணின்னு போட்டிருக்கே. பகலா, இரவா?"

நோட்டை வாங்கி இரவு என்று சேர்த்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.