தேவநேசன் வீட்டுச் சிறுபூனை இனம்

1974 ஜூலையில், பூனாவை அடுத்த கட்கி தொழிற்சாலைக் குடியிருப்பில், தேவநேசன் தன் பூனையைப் பற்றிச் சொன்ன முதல் பொய்க்கு அது இரண்டு அங்குலம் சுருங்கியது. அன்று மழை, மண்ணெண்ணெய் வண்டி வரவில்லை, வேறு விசேஷம் எதுவும் இல்லை. பூனை சாதாரண ஊர்ப்பூனைதான். எட்டு வயது மகள் ஆட்ரி அதை பேக்கரிக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் கண்டெடுத்து, கவுனில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியமணி, "இது எந்த ஊர் ஜாதி, அண்ணாச்சி?" என்று சும்மாதான் கேட்டார். தேவநேசனோ ஸ்டோர்ஸ் கிளார்க். ஆணியோ ஆயில் டின்னோ, பதிவேட்டில் 'வந்த இடம்' என்ற கட்டம் காலியாக இருந்தால் சரக்கு உள்ளே போகாது. ஆகவே தெரியாத சரக்குக்கெல்லாம் பதினைந்து வருடமாக எதையாவது எழுதி நிரப்பியே பழகியவர். நாக்கும் தானாக நிரப்பிவிட்டது: "பர்மா. கர்னல் துரை வளர்த்த வகையாக்கும்."

போதகரிடம் பாரசீகம் என்றார், டாக்டரிடம் எகிப்து. 1977இல் பூனை டீ சாஸருக்குள் கால் நீட்டிப் படுத்தது. 1980இல் அவருடைய சட்டைப் பையில் ஆபீஸ் போய் வந்தது. குட்டிகளும் அதே கணக்கில் பிறந்தன. அது சிறுக்கச் சிறுக்க, 'இவ்வளவு சின்னது அசல் சீமைச் சரக்காகத்தான் இருக்கும்' என்று ஜனங்கள் நம்பினார்கள். அவர்கள் நம்ப நம்ப இவர் இன்னொரு தேசத்தைச் சேர்த்தார். குணத்தில் குறை சொல்ல வழியில்லை. பிறாண்டாது, கோபிக்காது. மியாவ் என்று வாயைத் திறக்கும், சத்தம் வராது. வீட்டில் யார் வேலை செய்தாலும் தோளில் ஏறி மேற்பார்வை பார்க்கும். அதிலும் தேவநேசன் தோள்தான் அதற்கு உயிர். அவர் அளந்து விடும்போதுகூட அவர் கன்னத்தில் தலையைத் தேய்த்துக்கொண்டேதான் சுருங்கியது.

"நீங்க வாயத் தொறந்தா பூனை தேயுதுல்லா," என்பாள் மனைவி மில்ட்ரெட். "ஒங்க வாய்க்கு ஒரு பூட்டு ஸ்டோர்ஸ்ல கெடைக்காதாக்கும்?"

1983இல் பூனா கேம்ப் பகுதியில் பூனைக் கண்காட்சி நடந்தது. பம்பாயிலிருந்து வந்த பார்சி நடுவர் அம்மாள், எலுமிச்சம்பழ அளவிலிருந்த பூனையைப் பார்த்துக் கைதட்டினார். புது இனமாகவே பதியலாம், தேவநேசன் பெயரையே அதற்கு வைக்கலாம், பூர்வீகம் எந்த நாடு என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். இன்னும் ஒரு நாடு சொன்னால் பூனை கடுகளவும் மிஞ்சாது என்று வீட்டில் மூவருக்கும் தெரியும். ஆட்ரி அவர் கையைப் பிடித்தாள். "டாடி, ப்ளீஸ். அது போயிடும். ஒரேயடியா, ஹமேஷாவுக்கும் போயிடும்."

ஒன்பது வருடம் பர்மாவை நம்பியவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். பூனை அவர் காது மடலை நக்கியது.

"பேக்கரிக்குப் பின்னால உள்ள சாக்கடை," என்றார் தேவநேசன். தமிழில் சொன்னது போதாதென்று ஹிந்தியிலும் சொன்னார். "அப்பன் யாருன்னு தெரியாது."

"அப்போ கர்னல் துரை?" என்றார் ஆரோக்கியமணி.

"கர்னலும் இல்ல, துரையும் இல்ல வே."

பூனை வளரவில்லை, சுருங்கவும் இல்லை. நடுவர் படிவத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்தியபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்த தேவநேசன், கண்ணில் தூசி என்று மில்ட்ரெடிடம் சொன்னார். பூனை ஒரு நூல் சுருங்கியது. உடனே, "அழுதேன்," என்று திருத்திக்கொண்டார்.

பதிவாகாமலே இனம் பரவியது. பக்கத்து ஊரான பிம்ப்ரி வரை குட்டிகள் போயின. யார் எந்தப் பொய் சொன்னாலும் அவை சுருங்கும் என்று தெரிந்த பிறகு, சம்பந்தம் பேசுகிறவர்கள் இரவல் கேட்டு வந்தார்கள். 1988இல் ஆட்ரியைப் பெண் பார்க்க வந்த பையனின் அப்பா, "மகன் பிம்ப்ரியில சூப்பர்வை..." என்று ஆரம்பித்தவர், தேவநேசன் தோளைப் பார்த்துவிட்டு இருமினார்.

"ஹெல்பர்தான்மா. இன்னும் பெர்மனென்ட் ஆகல."

பூனை கொட்டாவி விட்டது. மில்ட்ரெட் காப்பி கலக்க உள்ளே போனாள்.