யாரிடமும் சொல்லாத தூண்டில்காரன்

ஜனக்புரி மேற்கில் மெட்ரோ ஏறி, உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் மாதங்கி ஃபோனைத் திறந்தாள். ‘தந்தூரி சாமுராய்’ என்ற பெயரில் கணினி விளையாட்டு வீடியோ போடும் எவனோ ஒருவன், அவள் உருவாக்கிய நோயாளி மந்திரவாதியை ஆடிக்காட்டிக்கொண்டிருந்தான்.

‘சாம்பல்கோட்டை’ விளையாட்டில் எல்லோரும் பலசாலிகளைத்தான் உருவாக்குவார்கள். மாதங்கிக்கு அது சலித்துவிட்டது. ஒன்றுக்கும் உதவாது என்று மற்றவர்கள் வீசியெறியும் பொருள்களைக் கோத்து, யாரும் யோசிக்காத வீரனை உருவாக்குவதுதான் அவளுக்குப் பித்து. விளையாடுகிறவர்கள் அந்தச் சேர்மானத்தை பில்ட் என்பார்கள். இந்த பில்டில் மந்திரவாதிக்கு ஒரு சாபக் கவசம். போட்டவன் உயிரையே உறிஞ்சும். கூடவே ஒரு மோதிரம், சாகக் கிடப்பவனுக்கு மட்டும் மந்திர பலத்தை அள்ளிக் கொடுக்கும். கவசம் ஆளைக் கொன்றுவிடாமல் இருக்க, புதிதாக ஆட வருபவர்களுக்கென்று வைத்திருக்கும் அரிசிக் கஞ்சி. கஞ்சி கொடுக்கும் உயிரைக் கவசம் உறிஞ்ச, மந்திரவாதி ஒரு நூல் உயிரில் தொங்கிக்கொண்டே அரக்கர்களைச் சாம்பலாக்குவான். அதற்குக் கஞ்சிதான் சரி என்று கண்டுபிடிக்க அவளுக்கு மாதக்கணக்கானது. வீடியோ எடுத்து முடிக்கும்வரை வெளியே விடாமல் வைத்திருந்தாள்.

கஞ்சியைப் பற்றித் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். இப்போது அவனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஷ்ரவண் திருநெல்வேலிக்காரன். சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்க தில்லிக்கு வந்து, முனிர்காவில் வெயிலே எட்டிப் பார்க்காத ஓர் அறையில் இருந்தான். இணைய விளையாட்டு மன்றம் ஒன்றில் இருவரும் அறிமுகமாகி, தமிழ் என்று தெரிந்ததும் நெருங்கிப்போனவர்கள். சனிக்கிழமைகளில் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்கு வருவாள். அவள் உருவாக்குவாள், அவன் எங்கே உடைகிறது என்று அடித்துப் பார்ப்பான்.

மெட்ரோ சுரங்கத்துக்குள் போகப் போக, அவளுக்குப் பழையதெல்லாம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. போன வாரம் ஃபோன் அடித்ததும் அவன் அதை எடுக்காமல் கவிழ்த்து வைத்தானே, ஏன்? ‘எப்ப வீடியோ போடப்போற?’ என்று இரண்டு தடவை கேட்டானே, அவனுக்கு என்ன அவசரம்? இந்த சாமுராய் முகத்தைக் காட்டுவதில்லை. ஹிந்தியில் பேசுகிறான், சரி. ஷ்ரவணின் ஹிந்தியும் இப்போது மோசமில்லை. ஒருவேளை இருவரும் கூட்டாளிகளோ?

அறைக்குள் நுழைந்தவள் வீடியோவைப் பற்றி மூச்சுவிடவில்லை. வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள்.

“சுனோ, கேளு, புதுசா ஒண்ணு பண்ணிருக்கேன்டா. மின்னல் மந்திரக்காரன், ஆனா ஃபுல்லா இரும்புக் கவசம்.”

“இரும்பு மின்னலைப் பாதியாக்கிருமே?”

“தூக்க முடிஞ்ச பாரம் முழுசா ஏறினா உல்ட்டா ஆயிடும். டபுள் ஆகும். யாருக்கும் தெரியாது.”

ஷ்ரவண் தேநீர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான். “இதை நீ வெளையாடிப் பாத்தியா?”

“பாத்துட்டேன்.”

“சரி. நானும் பாக்கேன்.”

சரக்கு நல்லதா என்று விசாரிக்கிற திருடன், என்று நினைத்துக்கொண்டாள் மாதங்கி. அன்று தேநீர் அவளுக்கு ருசிக்கவில்லை. இரும்புக் கவசம் சாமுராயின் வீடியோவில் வரட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

அடுத்த வீடியோ வந்தபோது அவள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டில் இருந்தாள். டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தாள். இரும்பு இல்லை, மின்னலும் இல்லை. ஒரு மீனவன் மலையுச்சியில் நின்று, தூண்டிலை வீசி, அரக்கனின் காலில் மாட்டி, சுண்டிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தான்.

அந்தத் தூண்டில்காரனை அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உருவாக்கினாள். ஷ்ரவணிடம் சொல்லவில்லை. யாரிடமுமே சொல்லவில்லை. அப்படியானால் ஷ்ரவண் அவளுடைய லேப்டாப்பையே குடைந்திருக்கிறான். எத்தனை சனிக்கிழமை அதை அவன் மேஜையில் போட்டுவிட்டுக் கீழே மோமோ வாங்கப் போயிருக்கிறாள்! கடவுச்சொல்கூட அவனுக்குத் தெரியும்.

வேலை முடிந்த கையோடு முனிர்காவுக்குப் போனாள். சொல்லாமல் வந்தவளைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளறியது.

“என் லேப்டாப்ல என்ன பண்ணினே?”

“உக்காரு.”

“உக்காரல. பதில் சொல்லு.”

“முதல்ல நான் ஒண்ணு கேக்கேன். அந்த இரும்புக் கவசம் பொய்தான?”

மாதங்கி தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

“நான் ராத்திரியெல்லாம் பாரத்தை ஏத்தி ஏத்திப் பாத்தேன். டபுளும் ஆகல, ஒண்ணும் ஆகல. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணுதேன்னு நெனச்சேன். ஏன்னா நீ பண்ணிப் பாக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டே. அப்புறந்தான் வெளங்கிச்சு, இது நீ பண்ணினதே இல்ல. எனக்குன்னே கட்டிச் சொன்ன பொய். எதுக்குப் பொய் சொல்லணும்னு யோசிச்சேன். உன் மந்திரவாதி எங்கயாவது வெளிய வந்துட்டானான்னு தேடினேன், அந்த சாமுராய் வீடியோ கெடச்சுது.”

அவன் குரல் உயரவே இல்லை. தன் கணினியில் சாம்பல்கோட்டையைத் திறந்து, அவள் ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஒரு மூலைக்குப் போனான். பயிற்சிக் களம். யார் வேண்டுமானாலும் வந்து மற்றவர்களின் வீரர்களோடு மோதிப் பார்க்கலாம். வரிசையாக நின்றவர்களில் ஓர் ஓரத்தில், நைந்த தொப்பியும் தோளில் தூண்டிலுமாக, அவளுடைய தூண்டில்காரன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு ஆள் தள்ளி, சாபக் கவசத்துக்குள் இருமியபடி அவளுடைய நோயாளி மந்திரவாதி.

“போன அப்டேட்ல வந்துச்சு. நாம வேண்டாம்னு சொல்லலைன்னா, செஞ்சு வச்ச ஆளையெல்லாம் தானா இங்க கொண்டாந்து நிறுத்திருது. என்ன போட்டுருக்கான், என்ன சாப்பிடுதான்னு எவன் வேணா பாக்கலாம். நீ படிக்காம ஓகே அமுக்கிருப்ப. நானும் அப்படித்தான் அமுக்கினேன்.”

மாதங்கி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். திரையில் மந்திரவாதி இருமினான்.

“எப்ப கண்டுபிடிச்சே?”

“நீ அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாளே.”

“ஏன்டா சொல்லல?”

“நீ கேப்பன்னு பாத்தேன். ‘ஷ்ரவண், நீயா செஞ்சே?’ன்னு ஒரு வார்த்தை. திட்டிக் கேட்டாலும் பரவாயில்லைன்னு இருந்தேன்.”

அந்நேரம் அவன் ஃபோன் அடித்தது. அவன் அதைக் கவிழ்த்து வைக்கப்போய், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, திருப்பிக் காட்டினான். திரையில் ‘அப்பா’ என்றிருந்தது.

“இந்த வருசம் பரீட்சைக்கே போகல. இன்னும் வீட்டுல சொல்லல. இதையும் சந்தேகப்பட்டிருப்பியே?”

ஆமாம் என்று தலையாட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வழியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டாள். தமிழில் தொடங்கி, வார்த்தை கிடைக்காமல் ஹிந்திக்குத் தாவி, ஆங்கிலத்தில் முடித்தாள். அவன் “சரி, விடு” என்றான். படிக்கட்டு இருட்டாக இருக்கும் என்று வழக்கம்போல வாசல்வரை வந்து ஃபோன் வெளிச்சம் காட்டினான். ஆனால், சனிக்கிழமை வா என்று சொல்லவில்லை.

சாமுராய்க்கு அவள் காரசாரமாக எழுதினாள். பதறிப்போய்ப் பதில் போட்டான். ரோஹிணியில் கல்லூரி படிக்கிற பையன். பயிற்சிக் களத்தில் நிற்கும் அவ்விரு வீரர்களையும் விளையாட்டு நிறுவனமே வைத்த எதிரிகள் என்று நினைத்திருந்தானாம். ‘அக்கா, இதை ஒரு மனுஷி யோசித்திருப்பாள் என்று தோன்றவேயில்லை’ என்றான். இரண்டு வீடியோவிலும் அவள் பெயரைப் போட்டான். அவளைப் பின்தொடர்கிறவர்கள் மளமளவென்று கூடினார்கள். அதில் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை.

பல வாரங்கள் கழித்து, மாதங்கியே துணிந்து ஃபோன் செய்து கேட்டுவிட்டு முனிர்காவுக்குப் போனாள். ஷ்ரவண் அப்பாவிடம் சொல்லிவிட்டிருந்தான். அவர் கத்தியதை நடித்துக் காட்டினான். அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். புதிதாக ஒரு பில்ட் கொண்டுவந்திருந்தாள், கதாயுதத்தைத் தூக்கத் தெரியாத ஒரு மல்லன். லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்தாள்.

ஷ்ரவண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். விசைப்பலகை வரைக்கும் போன கை நின்றது.

“தொடட்டுமா?” என்று கேட்டான்.

இதற்கு முன் அவன் கேட்டதேயில்லை.

“தொடுடா,” என்றாள் மாதங்கி.