ஐந்தில் மூன்று டப்பா திராட்சை

ஞானசௌந்தரியின் போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் கேக்கில் திராட்சை முழுவதும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே பஞ்சு, கீழே பாறை. அந்தப் பாறையை அண்ணனூர் பணிமனையில் மின்ரயில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையாக வைத்தார்கள், வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை என்று ஊரில் பேச்சு. கிளப்பியவர் அவள் கணவர் அருள்தாஸ்தான். அதே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லாரும் நம்பினார்கள்.

இந்த வருஷக் கேக்கைத் தின்ன முகப்பேரிலிருந்து ஷோபனா வருகிறாள். மகள் ஸ்வீட்லினுக்கு மாமியாராகப் போகிறவள். ரயில் கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"கேக்குன்னா எனக்கு உசுரு அண்ணி. பல்லுதான் கொஞ்சம் வீக்கு" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். அதிலிருந்து சௌந்தரிக்குச் சோறு இறங்கவில்லை.

கேக் செய்முறைக் குறிப்பில் மூன்று கப் உலர்திராட்சை. கடையில் கிராம் கணக்கு. அருள்தாஸ் கணக்குப் போட்டு வாங்கி வந்ததைச் சௌந்தரி முன்கூட்டியே பழச்சாற்றில் ஊறப்போட்டுவிட்டாள். ஆனாலும் மனசு உறுத்தியது. மாவு வாங்கப் போகும்போது அளவுக் கப்பையும் எடுத்துப்போய், முனியன் கடைத் தராசில் வைத்துத் திராட்சையைத் தலைதட்டி நிரப்பச் சொன்னாள். கப்பின் எடை போக நூற்றைம்பது கிராம்.

"இன்னாங்க, மூணு கப்புக்கு எவ்ளோ வாங்கினு வந்தீங்க?"

"முக்கா கிலோ. ஒரு கப்பு தண்ணி இருநூத்தம்பது கிராம். மூணால பெருக்கிக்கோ."

"தண்ணிக்கு நடுவுல சந்து கீதா? திராட்சைக்கு நடுவுல எவ்ளோ கீது! நானூத்தம்பதுதான் வேணும். முக்கா கிலோ பாரத்த மாவு எப்டி தாங்கும்? போன வருசமும் நீங்கதான வாங்கினீங்க?"

அருள்தாஸ் மின்விசிறியைப் பார்த்தார். "போன வருசம் மாவு சரியில்ல."

"இப்ப இன்னா பண்றது?"

"நானூத்தம்பது நிறுத்துப் போடு."

"ஊறி உப்பிக் கீது. அது குடிச்ச சாறையும் சேத்து நிறுக்கறதா?"

சௌந்தரி பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். முக்கால் கிலோ என்றால் ஐந்து கப். வேண்டியது மூன்று. உப்பினாலும் எல்லாம் ஒன்றுபோலத்தானே உப்பியிருக்கும்? ஒரே அளவில் ஐந்து டிபன் டப்பாக்களை எடுத்து, கரண்டி கரண்டியாகச் சமமாகப் பிரித்தாள். மூன்று டப்பா மாவுக்குள் போனது. மாவு ஊற்றிய தட்டை வழக்கம்போல கோவிந்தன் பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோனாள்.

"இன்னாமா, இந்த வாட்டி லேசா கீது? ரயிலுக்கு வேற ஆளு பாத்துட்டாங்களா?" என்றான் கோவிந்தன்.

ஞாயிற்றுக்கிழமை ஷோபனா முதல் துண்டைக் கடைவாயின் நல்ல பக்கத்தில் வைத்துக் கடித்தாள். பிறகு மற்றப் பக்கத்துக்கும் தள்ளினாள். திராட்சை மேலும் கீழும் ஒரே சீராக இருந்தது. தட்டை மறுபடியும் நீட்டினாள்.

"அப்ப அந்த ரயிலு கதை இன்னா அண்ணே?"

"அது வேற யாரோ ஊட்டுக் கேக்குமா" என்றார் அருள்தாஸ். வாய் நிறைய இருந்தது மிச்ச இரண்டு டப்பாத் திராட்சை.