கோல்கீப்பர் மகளின் இரண்டாவது ஸ்கேன்

அரையிறுதி ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் நெற்றிப்பொட்டில் மோதியதும் கோல்கீப்பருக்குக் கண் சொருகிவிட்டது. கோச் முகத்தில் தண்ணீர் தெளித்து, எழுப்பி, மறுபடி கோலில் நிறுத்தினான். அவளுக்குப் பதினாறு வயது. பந்து அவளைத் தாண்டாது என்பதால் அணியில் வைத்த பெயர் சுவர். கோச் வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமன்.

வீட்டுக்கு வந்து அவள் வாந்தி எடுத்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் தலைக்குள் இருப்பதைப் படம்பிடிக்கிற வேலை. அன்றைக்கே மகளைக் கூட்டிப்போனாள். ரத்தக்கசிவு இல்லை, முறிவு இல்லை, நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. கோச்சான அம்மாவின் அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மூன்று வாரத்தில் இறுதி ஆட்டம்.

மகளோ ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்கென்று தெரியாமல் நின்றாள். படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். கேட்டால் எரிந்து விழுந்தாள்.

தலையில் அடிபட்ட பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் நரம்பு டாக்டரம்மா ஒருவர் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா மல்லுக்கட்டி மகளை அங்கே இழுத்துப்போனாள். மெஷினுக்குள் படுத்தபடி, திரையில் பார்த்த எழுத்து மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி. "போதுமா? திருப்தியா?" என்று மகள் குத்தலாகக் கேட்டுவிட்டு வெளியே போனாள்.

மூளையில் வேலை செய்யும் இடம் சிவப்பாகத் தெரியும் படத்தை டாக்டரம்மா அம்மாவிடம் காட்டினார். அடிபடாத பிள்ளைகளுக்கு இதே சோதனையில் ரெண்டு மூணு இடம்தான் சிவக்கும். இவளுக்கு நெற்றிப் பக்கம் முழுக்கச் சிவந்து கிடந்தது. ஒருத்தன் தூக்கும் மூட்டையை நாலு பேர் முக்கித் தூக்குகிற மாதிரி. இந்தப் படத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி அறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மறதியும் தலைவலியும் தீராமல் மைதானத்தில் விடவே கூடாது என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

"மெஷின் ஓட்டுறவ எப்ப டாக்டர் ஆன?"

"முதல் ஸ்கேன் ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கத்தான். இது வேற."

"நார்மல்னு எழுதியிருக்கு. சுவரை எடுத்துட்டு நான் எதை நிறுத்துறது?"

"சுவர் இருந்தாத்தான் சித்திரம். அவ உன் அணிக்குப் பொறக்கல, எனக்குப் பொறந்தா."

இறுதி ஆட்டத்துக்குப் பெற்றோர் தர வேண்டிய சம்மதப் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தாள். இறுதி ஆட்டத்தன்று மகளின் படுக்கை காலியாக இருந்தது, பூட்ஸையும் காணோம். மைதானத்துக்கு ஓடினாள். படிவத்தில் அம்மாவின் கையெழுத்து இருந்தது. மகள் அச்சு அசலாகப் போட்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அண்ணன் தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது.

அம்மா கடிதத்தை நடுவரிடம் நீட்டினாள். இரண்டு அணியும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டியலில் சுவரின் பெயரை அடித்துவிட்டார்கள். அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. இனி என் வாசல்படி மிதிக்காதே என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னான்.

ஒன்பது நாள் மகள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். பத்தாம் நாள் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கு வார்ம் அப்ல எனக்கு ரெண்டு பந்து தெரிஞ்சுது. எது நிஜப் பந்துன்னு எனக்குத் தெரியும். நான் புடிச்சிருப்பேன். நீதான் கெடுத்த."

அம்மா கையைக்கூடக் கழுவவில்லை. அப்படியே எழுந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, பார்வை இரட்டையாகத் தெரிகிறதாம் என்றாள். காட்டிக்கொடுத்தாய் என்று சொல்லி மகள் கதவை அறைந்து சாத்தினாள்.

தேற ஐந்து மாதம் பிடித்தது. அடுத்த வருஷம் மகள் வேறொரு அணியில் சேர்ந்தாள். ஆட்டம் எந்த நாள், எந்த மைதானம் என்று வீட்டில் சொல்வதில்லை. அம்மா அந்த அணியின் கோச்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்வாள்.