தங்கமுத்து மாமாவின் குறட்டைக்குக் காப்பு

கரட்டுப்பாளையத்தில் பங்குனி பிறந்துவிட்டால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபைல்கள் புழுக்கம் தாங்காமல் வெளியே இறங்கிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போய்ப் பஸ் நிறுத்தத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் போட்டோக்கள் கூட்டமாகப் போய்க் கூட்டமாகவே திரும்பிவிடும். தனியாகப் போகிற ஃபைல்தான் வம்பு. பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தால் ஏறிவிடும்.

துளசிமணி அத்தையிடம் அப்படித் தனியாக ஒன்று இருந்தது. போன வருடம் காலமான தங்கமுத்து மாமாவின் குறட்டை. மாமா இருந்த காலத்தில், "இந்த மனுசனோட மாரடிக்க முடியலை" என்று டாக்டருக்குக் காட்ட அத்தையே பதிவு செய்தது. இப்போது அதைப் போட்டால்தான் அவளுக்கு மதியம் கண் அசரும். ராத்திரித் தூக்கம் மாமாவோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த மதியத் தூக்கம் ஒன்றுதான்.

நேற்று அந்தக் குறட்டை தாராபுரம் பஸ்ஸின் படியில் கால் வைத்துவிட்டது. கண்டக்டர் தெரிந்தவர், இறக்கிவிட்டார். அத்தை உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட, அண்ணன் மகன் பரணிதரன் வந்து இறங்கினான்.

"இது ஓடிப்போகாம இருக்கச் சுலுவா ஒண்ணு போட்டுக் குடு கண்ணு. படிச்சுப் படிச்சு அமுக்கறதெல்லாம் எனக்கு ஆகாது."

பரணி முதலில் போட்டுப் பார்த்த மென்பொருள் கேள்வி கேட்டே உயிரை வாங்கியது. அத்தையின் நட்சத்திரத்தைக் கேட்டது, சொன்னதும் பாதம் என்ன என்றது. அடுத்தது நகலை மேகத்தில் வைப்பதாகச் சொன்னது. அத்தை வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒரு பொட்டு மேகங்கூடக் காணோம். இதையா நம்பச் சொல்றே?"

நியாயம்தான் என்று அவனுக்கும் பட்டது.

மூன்றாவது தமிழில் பேசியது. திரையில் ஒரே வரி: 'காப்பு கட்டவா?'

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. மாரியம்மன் நோம்பிக்குக் கையில் காப்பு கட்டியவர், நோம்பி முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. குறட்டைக்கும் அதே சட்டம்தானே! "கட்டு" என்றாள்.

'நகலை எங்கே வைக்க?'

இதே வீட்டில் வைத்தால் பிரயோஜனமில்லை, வேறு இடம் வேண்டும் என்று பரணி விளக்கினான்.

"அப்ப நீ எதுக்கு இருக்கறே? நீ வேற வீட்டுப் பையன்தானே?"

'பையனிடம் இடம் போதவில்லை. அங்கே ஏற்கெனவே இருப்பதை வெளியே அனுப்பவா?'

"அனுப்பு, அனுப்பு" என்று அத்தையே பொத்தானை அமுக்கினாள்.

சீடி வைக்கும் தட்டு மெதுவாக வெளியே வந்தது. அதில் மஞ்சள் துண்டு கோத்த நூல் ஒன்று இருந்தது. பரணி வலது கையை நீட்டினான், அத்தை இறுக்கி முடிந்தாள். இந்த மும்முரத்தில் வாசலை யாரும் பார்க்கவில்லை. மாமாவின் அசல் குறட்டை செருப்பை மாட்டிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறிப் போய்விட்டது. இன்றைக்குப் புதுக் கண்டக்டர். டிக்கெட்டே கொடுத்துவிட்டாராம்.

அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று. அவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். பரணிக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பாழாய்ப்போன வேலையைச் செய்து வைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டு, மாமாவின் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தான். உண்ட களைப்பு, கண் சொருகியது.

சற்று நேரத்தில் கட்டிலிலிருந்து குறட்டை கிளம்பியது. ஏறும்போது ஒரு விசில், இறங்கும்போது ஒரு முனகல், நடுவில் யாரையோ அதட்டுகிற மாதிரி ஒரு "ம்ஹும்". எல்லாம் பிசகாமல் மாமாவுடையது.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "சனியன், தூங்க விடுதா பாரு" என்று சந்தோஷமாகத் திட்டிவிட்டுப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

சாயங்காலம் பரணி ஊருக்குக் கிளம்பினான். எல்லைக் கல்லுக்கு அப்பால் கால் எழவில்லை. குனிந்து கையிலிருந்த காப்பைப் பார்த்துவிட்டு, மனைவி கிருத்திகாவுக்குப் போன் செய்து, நோம்பி முடிந்துதான் வர முடியும் என்று சொன்னான்.

"சரிங்க, இருந்துட்டே வாங்க" என்றாள் அவள். "உங்க குறட்டை இப்பத்தான் பஸ் இறங்கி வந்துச்சு. பசியோட இருந்துச்சு, தோசை ஊத்திக் குடுத்தேன். கட்டில்ல உங்க பக்கமாப் படுத்திருக்கு. மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்கும்."

பரணி குரலைத் தாழ்த்தி, சரி என்றான்.